மூன்று முறை கிழிந்த ரப்பர் பைப்

மகனே,

இந்தக் கவரைப் பிரிப்பதற்கு முன்னால், ஒட்டின இடத்தில் குறுக்கே போட்டிருக்கும் என் கையெழுத்து கலையாமல் இருந்ததா என்று பார்த்தாயா? பார்க்காவிட்டால் நல்லது. பார்த்திருந்தால் எனக்குக் கவலைதான். ஏன் என்று இதைப் படித்து முடிப்பதற்குள் உனக்குத் தெரிந்துவிடும். வாட்ஸப்பில் எழுதினால் முதல் நாலு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாய். ஃபோனில் சொல்லலாம் என்றால் ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, ‘ஆங் நைனா, ஆங் நைனா’ என்பாய். பாதி உன் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கவுன்டரில் சொல்லியிருக்கிறேன். அங்கே இருந்த பெண் கவரை எடை போட்டதை நான் இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னையும் ஒரு தரம் பார்த்தது.

வருகிற வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வருகிறாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் நம் பழைய காரை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறாய். காரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ரப்பர் பைப் மறுபடியும் கிழிந்தால் அதிகச் செலவில்லாமல் எப்படிச் சரிபண்ணுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம், புது இடத்தில் எவனிடமும் ஏமாறாமல் இருப்பாய் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பைப்பைப் பற்றி எழுதினால் உன் கஜா மாமாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. உன் தாய்மாமன் வந்து பட்டம் கட்டி மாலை போட்டால்தான் நம் பக்கத்தில் மாப்பிள்ளை மணவறை ஏறுவான். அவன் வருவானா என்று எட்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பத்திரிகை அச்சாகி வந்ததும் உன் அம்மா முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவி அவன் பேரை எழுதி ஷெல்ஃபில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. அதற்குக் காரணம் நான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒரு தரம் கேட்டுக்கொள். பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் கண்டக்டர், பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கினவன். ஒரு நாள் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். ஒரு நெசவாளர் மடியில் லுங்கிக் கட்டை வைத்துக்கொண்டு டிக்கெட்டைத் தேடு தேடு என்று தேடினார். தேடுகிற மாதிரி நடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. வழியிலேயே இறக்கிவிட்டேன். பஸ் கிளம்பி ஒரு மைல் போன பிறகு பார்க்கிறேன், அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் இடுக்கில் டிக்கெட் சொருகிக் கிடக்கிறது. எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. இதை இன்றுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ ஆறாவது படிக்கும்போது என் கைக்கடிகாரத்தைக் காணோம் என்று உன் சிநேகிதன் பார்க்க உன் புத்தகப் பையைத் தரையில் கவிழ்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ அழுதுகொண்டே நின்றபோது, ‘வாடா, ரயிலு பாத்துட்டு வரலாம்’ என்று பைக்கில் உட்காரவைத்து மணவூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் கஜாதான். நீங்கள் திரும்பி வருவதற்குள் கடிகாரம் குளியலறை ஜன்னலில் கிடைத்துவிட்டது. நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

கார் வாங்கினது ரிடையர் ஆன வருஷம். வாங்கின அன்றைக்கே மலைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போட்டோம். நீயும் வந்திருந்தாய். தேங்காய் உடைத்து, மூடி இரண்டையும் பையில் போட்டு வெளியே வந்தால் ஒரு குரங்கு பையோடு பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கிருத்திகைக்கு மறுநாள் போக ஆரம்பித்தேன். கிருத்திகை அன்றைக்குப் போனால் கூட்டத்தில் எவன் எந்தப் பாக்கெட்டில் கை விடுவான் என்று தெரியாது. தேங்காய் உடைத்ததும் நேராக வண்டிக்கு வந்து, பானெட்டைத் தூக்கி, உள்ளே இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் ஓரம் மூடிகளை வைத்து அழுத்தி மூடிவிடுவேன். எந்தக் குரங்கும் பானெட்டைத் திறக்காது. அப்படி வைத்துக்கொண்டு வந்த முதல் மாதம் அரக்கோணம் ரோட்டில் எதிரே ஒரு லாரி என் மேலேயே வந்து ஒரு முழ தூரத்தில் நின்றது. அது அந்தத் தேங்காயால்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து ஒரு மூடி சமையலுக்கு, ஒரு மூடி வண்டிக்கு. குருக்கள் சொன்னதில்லை, சாஸ்திரத்தில் கிடையாது. நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

ஒரு வருஷத்துக்கு மேலே இருக்கும், ஒரு நாள் மலைப் பாதையில் பாதி ஏறுவதற்குள் வண்டி முக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகத்துக்குப் பதிலாக ‘உஸ்’ஸென்று சத்தம்தான் வந்தது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அடித்துத் தள்ளினான். எப்படியோ இறக்கிக்கொண்டு சோளிங்கர் ரோட்டில் கஜாவின் ஷெட்டுக்குப் போனேன். அவன் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். காற்றை வடிகட்டுகிற அந்த டப்பாவிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கறுப்பு ரப்பர் பைப் போகும். முன்கை தடிமன் இருக்கும், நடுவில் மடிப்பு மடிப்பாக. இன்டேக் பைப் என்பார்கள். அதில் ஒரு மடிப்பு கிழிந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, சுற்றி, சரிபண்ணிக் கொடுத்தான். காசு கேட்கவில்லை. அப்போது டப்பா ஓரத்தில் இருந்த தேங்காய் மூடியை எடுத்துப் பார்த்துவிட்டு, “இத்த இன்னாத்துக்கு இங்க வெக்கிறீங்க பாவா? வீட்ல சட்னி அரைங்க” என்றான். அவன் சாமியைக் கிண்டல் பண்ணுகிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. காசு வாங்காதவன் மேல் சந்தேகம் வருமா என்று கேட்பாய். எனக்கு வந்தது. சும்மா செய்கிறவன் எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் செய்வான் என்று பஸ்ஸில் படித்த பாடம்.

நாலு மாதத்தில் மறுபடி கிழிந்தது, வேறு இடத்தில். இந்தத் தரம் ஹைவேயில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய் விசாரித்தேன். டை கட்டின பையன் பைப் தனியாக வராது, டப்பாவோடு சேர்த்து மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னான். அந்தத் தொகையில் எங்கள் காலத்தில் ஒரு பஸ் டயரே வாங்கலாம். வந்துவிட்டேன். அரக்கோணத்தில் காயலான் கடையில் என் கையால் பத்துப் பைப்பைப் பொறுக்கி, வளைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கஜாவிடம் கொடுத்தேன். மாட்டிவிட்டான். ஆறே வாரத்தில் அதுவும் கிழிந்தது. நானே தேர்ந்தெடுத்த பைப். கை வைத்தவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஷெட்டில் டீ குடித்துக்கொண்டு நின்ற இரண்டு ஆட்டோக்காரர்கள் கேட்க, “மூணு தடவ எப்படிடா கிழியும்? கத்தி உன் கையிலதானே கீது?” என்று கேட்டுவிட்டேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். “நானா அறுத்தேன்னு சொல்றீங்க பாவா?” என்றான். “வேற யாரு, காத்தா வந்து அறுக்கும்?” என்றேன். அவன் கார் சாவியை பானெட் மேல் வைத்தான். “இனிமே வேற ஷெட்டு பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். குற்றம் செய்யாதவன் கத்துவான், இவன் கத்தவில்லையே, அதுவே சாட்சி என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே உனக்கு ஃபோன் பண்ணினேன். உன் மாமன் பைப்பை அறுத்து அறுத்து வேலை தேடுகிறான் என்று சொன்னேன். “நெஜமாவா நைனா?” என்று நீ ஒரே ஒரு தரம் கேட்டாய். “எத்தினி பேர புடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. அது எனக்கு அப்போது பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு உன் அம்மா அவள் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போய்விட்டு வந்தால் அங்கே என்ன பேசினாய், அவன் என்ன கேட்டான் என்று நான் குடைவேன் என்று அவளுக்குத் தெரியும்.

வேறொரு ஷெட்டில் பைப்பைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். இன்ஜின் சூட்டில் பத்தே நாளில் பிசின் இளகி வழிந்தது. வண்டியை உறை போட்டு மூடி வைத்தேன். அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் இவன் கஜாவுக்கு வேண்டியவனோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போன மாதம் நீ காரைக் கேட்டதும், எந்த கம்பெனி என்று தெரியாத ஒரு புதுப் பைப்பைத் திருவள்ளூரில் வாங்கி மாட்டினேன். இந்தத் தரம் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினேன். பைப்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு குறி போட்டேன். மலைக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வழக்கம்போல வண்டியின் பங்கை உள்ளே வைத்து, வீட்டுக்கு வந்ததும் பானெட் இடுக்கில் இரண்டு பக்கமும் காகிதப் பட்டை ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். நான் கடைக்குப் போகிற நேரத்தில் உன் அம்மாவே அவனுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறாளோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டவளை அப்படி நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்துக் காலையில் வண்டியைக் கிளப்பினால் அதே ‘உஸ்’. இறங்கி ஓடிப்போய்ப் பட்டையைப் பார்த்தேன். இரண்டும் கிழியவில்லை. கையெழுத்து அப்படியே இருக்கிறது. பானெட்டைத் திறக்காமல் எவன் உள்ளே போனான்? பட்டையைப் பிய்த்து பானெட்டைத் தூக்கினேன். வெள்ளைக் குறிக்குப் பக்கத்திலேயே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். ஓரமெல்லாம் பொடிப் பொடியாகப் பல் பதிந்திருந்தது. கத்தி அப்படி அறுக்காது. டப்பாவைத் திறந்தால் உள்ளே தேங்காய் நாரும் கந்தலும் சேர்த்து ஒரு கூடு, சுற்றிலும் புழுக்கை. ஓரத்தில் நான் வைத்த மூடி, மஞ்சள் குங்குமத்தோடு, பருப்பு ஒரு துணுக்கு இல்லாமல் வெறும் கொட்டாங்குச்சியாகக் கிடந்தது. மாதாமாதம் புது மூடி வைக்கும்போது பழையது இப்படித்தான் இருக்கும். இன்ஜின் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிட்டுப் போவேன். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன் அந்தக் கொட்டாங்குச்சியை மட்டும் சந்தேகப்படவில்லை. குரங்குக்குப் பயந்து எலிக்குப் படைத்திருக்கிறேன்.

உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு, “முப்பது வருஷமா ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் டிக்கெட் கேட்டீங்களே, இந்த எலிய ஒரு வாட்டி கேட்டிருக்கலாம் இல்ல?” என்றாள். அந்தக் கொட்டாங்குச்சியை எடுத்துக் கழுவி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் எடுக்கவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை.

போன திங்கட்கிழமை காலை வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அந்த இரண்டு ஆட்டோக்காரர்கள் டீக்கு வருகிற வரைக்கும் ரோட்டிலேயே நின்றேன். பத்துப் பேர் பார்க்கத் திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது டிக்கெட் இல்லாப் பயணம். அவர்கள் வந்ததும் உள்ளே போய், “கஜா, எலிடா. நான் வெச்ச தேங்காய்க்கு வந்த எலி. உன் மேல தப்பா சொல்லிட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவன் நிமிரவில்லை. “ஆங், தெரியும் பாவா” என்றான். “தெரியுமா? அப்போவே சொல்றதுக்கு இன்னா?” என்றேன். “சொன்னேனே. மொத நாளே இத்த வெக்காதீங்கன்னு சொன்னேன். ரெண்டாவது வாட்டியும் எலி வரும்னு சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்க? சாமி பங்குல வாய வெக்காதன்னு சொன்னீங்க.” மகனே, அவன் சொன்னது சத்தியம். எலி என்ற வார்த்தையை அவன் வாயால் கேட்டேன். தேங்காய் இல்லாவிட்டால் வண்டிக்குக் காவல் போய்விடும், வண்டி அடிக்கடி ரிப்பேராகும், அவனுக்கு வேலை வரும், அதற்காகத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கிறுக்குத்தான். ஆனால் அன்றைக்கு அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

சரிபண்ணிக் கொடு என்று கேட்டேன். “நான் கை வெக்க மாட்டேன். அப்புறம் அறுத்துட்டேன்னு சொல்வீங்க. நீங்களே பண்ணுங்க, நான் வாயால சொல்றேன்” என்று ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். அறுபத்தி நாலு வயதில் நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன். நீ கேட்க வேண்டியது இங்கேதான் வருகிறது, கவனமாகப் படி. பைப்பின் இரண்டு முனையிலும் இரும்பு வளையம் மாதிரி கிளாம்ப் இருக்கும். இன்ஜின் ஆறின பிறகு இரண்டையும் தளர்த்தி, திருகாமல் மெதுவாக ஆட்டி எடு. எடுத்த கையோடு இன்ஜின் பக்கத்து வாயில் சுத்தமான துணியைச் சொருகு. ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் போதும், இன்ஜினே போய்விடும். நான் அதை மறந்துவிட்டுத் திரும்பினேன். “துணி, பாவா, துணி” என்று அவன் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டான். பைப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார். கண்ணுக்குத் தெரிகிற கிழிசல் ஒன்றென்றால் மடிப்புக்குள் இன்னொன்று இருக்கும். என் பைப்பில் இருந்தது.

சின்னக் கிழிசலானால் பஞ்சர் ஒட்டுகிற மாதிரிதான். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சைக்கிள் டியூப் துண்டை வைத்து அழுத்து. நான் காயவிடாமல் ஒட்டினேன், வழுக்கிக்கொண்டு வந்தது. “அவசரப்படாதீங்க, இது இன்னா செக்கிங்கா?” என்றான். உள்பக்கம் பிசிறு தொங்கக்கூடாது, இன்ஜின் அதை உறிஞ்சிவிடும். மேலே டியூபையே நீளமாக நாடா போல வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் கட்டு. வெறும் டேப்பை நம்பாதே. அது வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேருகிற வரைக்கும்தான். முனையில் மட்டும் கிழிந்திருந்தால், நீளம் இடம் கொடுத்தால், அந்த விரற்கடையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கை நீளத்துக்குக் கிழிந்தால் ஒட்டு வேலை வேண்டாம். பழைய பைப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு காயலான் கடைக்குப் போ. இரண்டு வாய் அகலமும் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்து வாங்கு. கிடைக்காவிட்டால் புது லோக்கல் பைப். வீட்டுத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டுகிறேன் என்று எவனாவது சொன்னால் ஓடிவந்துவிடு, சூட்டில் உருகும். ஓட்டையோடு எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டேன். “வடிகட்டாத புழுதி நேரா இன்ஜினுக்குள்ள போவுது. பைப்பு வெல கம்மி, இன்ஜின் வெல கம்மியா?” என்றான். டப்பா காற்று இழுக்கிற வாயில் கம்பி வலை கட்டவும் சொன்னான். ரொம்பப் பொடி வலை ஆகாது, காற்று வராது, எலி நுழையாத அளவு போதும். தேங்காயைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து வண்டியைக் கிளப்பினேன். சத்தம் கொஞ்சமாக இருந்தது. நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து வந்து, என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, இன்ஜின் பக்கத்து கிளாம்பை இரண்டு சுற்றுச் சுற்றினான். “லூசா கீது” என்றான். சத்தம் நின்றுவிட்டது. கை வைக்க மாட்டேன் என்றவன் கை வைத்துவிட்டான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காரிலிருந்து அந்த மஞ்சள் தடவின பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“நீங்க சொன்னது எனக்குப் பெருசில்ல பாவா. உங்க பொழப்பே அதான். எங்கக்காவ கட்டின நாள்ல இருந்து பாத்துகினுதானே இருக்கேன். இத்தப் பாருங்க” என்று ஃபோனை எடுத்து நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் நீ அவனுக்கு அனுப்பினது. ‘இது வரைக்கும் எத்தனை வண்டியில இப்படி அறுத்தீங்க மாமா’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் பதில் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. “இத்த அனுப்பினவன் என் தோள்ல வளந்தவன் பாவா. ஒரு ஃபோன் பண்ணி, ‘இன்னா மாமா ஆச்சு’ன்னு கேட்டிருந்தா போதும்” என்றான். ஆட்டோக்காரர்கள் டீ கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். அந்த மெசேஜை அனுப்பினதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அது உன் ஃபோனிலிருந்து போனாலும் எழுதினவன் நான். உன் பையை நான் கவிழ்த்த அன்றைக்கு உன்னை நம்பினவன் அவன். அவனை நம்பாமல் இருக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கி பானெட்டைத் திறந்து, அவன் அந்த கிளாம்பை நிஜமாகவே இறுக்கினானா, இல்லை கோபத்தில் தளர்த்திவிட்டானா என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது, என் பலத்துக்கு அசையவில்லை. அப்படியே ரோட்டோரம் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். எனக்கு இது இனிமேல் போகாது மகனே, என்னோடுதான் வேகும். உனக்கு வயது இருக்கிறது. போன மாதம் ஃபோனில், நிச்சயமான அந்தப் பெண் ஒன்பது மணிக்கு மேல் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள், லைன் பிஸியாகவே இருந்தது என்று என்னிடம் கேட்டாயே. அன்றைக்கு நான் ‘விசாரிக்கிறேன்’ என்றேன். விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். தெரிய வேண்டும் என்றால் அவளிடமே கேள். அவள் சொல்வதை எடுத்துக்கொள். அதற்கு மேல் ஒட்டினது கலைந்திருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. பட்டை ஒட்டிக் காவல் காத்தவன் கண்டது ஒரு கொட்டாங்குச்சிதான்.

வெள்ளிக்கிழமை நீ வருகிற வேலூர் பஸ் கஜாவின் ஷெட்டைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். வீட்டுக்கு வராதே, அங்கேயே இறங்கிக்கொள். உன் அம்மா காலையிலேயே தாம்பூலத் தட்டோடு அவள் தம்பி ஷெட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். நான் வரவில்லை. நான் நின்றால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கம் ஒன்றும் சொல்லாதே, நைனா சொன்னார் அதனால் அந்த மெசேஜை அனுப்பினேன் என்றும் சொல்லாதே. இன்னா மாமா ஆச்சு என்று, எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதை அன்றைக்குக் கேள். அவன் எவ்வளவு நேரம் பேசினாலும் நின்று கேட்டுக்கொள். பிறகு தட்டை நீட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பத்திரிகை எல்லாவற்றோடும் ஒரு முழுத் தேங்காய் இருக்கும். நான்தான் வைக்கச் சொன்னேன். அதைப் பார்த்து அவன் சிரித்துவிட்டால் எனக்கு உடனே ஃபோன் பண்ணு. நீ சொன்னதை அப்படியே நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா